முல்லைத்தீவுக் கரையில் கள்ளும் கூழும்: எந்த மாதம், எத்தனை மணிக்கு

வாடிக்காரன்:

இலங்கையின் வன்னிக் கரைக்கு விடுமுறையில் வருகிற ஆக்கள் முதலில் தங்குமிடத்தைப் பிடித்துவிட்டுப் பிறகுதான் சாப்பாட்டை யோசிக்கிறார்கள். மாறிச் செய்ய வேணும். இங்கே மாதம் தப்பினால் மீன் இல்லை, நேரம் தப்பினால் கள்ளு புளித்துவிடும்.

முல்லைத்தீவு, அலம்பில், நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் பங்குனியிலிருந்து புரட்டாதி மட்டும் கடல் அமைதி. கரைவலை இழுப்பதும் அப்பதான். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று எழும்பினால் சின்னப் படகுகள் கரையேறிவிடும். மன்னாருக்குத் தெற்கே சிலாவத்துறைப் பக்கம் கணக்கு மறுவளம், அங்கே சோளகத்தில் (தென்மேல் காற்றில்)தான் கடல் கொந்தளிக்கும். மாரியில் முல்லைத்தீவுக்குத்தான் வர முடியும் என்றால் கடல் மீனை மறந்துவிட்டுக் களப்பை (கடலேரியை)ப் பாருங்கோ. மழையோடு முகத்துவாரம் வெட்டுப்பட்டால் நந்திக்கடலிலும் நாயாற்றுக் களப்பிலும் இறால் ஓட்டம் தொடங்கும். உறைபனிப் பெட்டியில் கிடந்த அறக்குளா மீனை விட அந்த இறால் எவ்வளவோ மேல்.

இறால் தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேணும். தலை கறுத்துத் தொங்கினால் காலையில் பிடித்தது இல்லை.

பாளைக்கத்தி:

கள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கு. வெளியூர்க்காரர் பிழைவிடுவது இதில்தான்.

பனங்கள்ளு தை, மாசியில் தொடங்கும், சித்திரை வைகாசியில் பெருகும், ஆவணியோடு வற்றும். கார்த்திகையில் வந்து பனங்கள்ளுக் கேட்டால் கிடைப்பது தென்னங்கள்ளு. முள்ளியவளை, வற்றாப்பளைப் பக்கம் தென்னை நிறைய. அதுவும் நல்லதுதான், ஆனால் ருசி வேறு. தென்னங்கள்ளு மெல்லிசு, இனிப்பு முந்தும். பனங்கள்ளில் பனை வாசமும் நாக்கின் ஓரத்தில் ஒரு காரமும் நிற்கும்.

சீவல் தொழிலாளி காலையும் பின்னேரமும் மரம் ஏறுவார். இரவு முழுக்க முட்டியில் (மண்பானையில்) வடிந்த கள்ளு இறக்கும்போதே நுரைத்திருக்கும். நுரைக்க வைப்பது காற்றில் வருகிற ஈஸ்டும் முட்டியில் ஒட்டிக்கிடக்கிற பழைய கள்ளும். காலை ஏழு, எட்டு மணிக்கு இறக்கியதை மத்தியானத்துக்குள் குடித்துவிட வேணும். அதன் பிறகு இனிப்புக் குறைந்து வெறி கூடும், மறுநாள் காலை அது வினாகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். பொதுவாக ஐந்து வீதம் அளவுதான் மதுசாரம், ஆனால் வெயிலில் வெறும் வயிற்றோடு ஒரு போத்தலை ஒரே மூச்சில் குடித்தால் அந்தக் கணக்கு உதவாது.

இரண்டு விஷயம் கட்டாயம். பச்சைக் கள்ளைப் போத்தலில் அடைத்து மூடியை இறுக்கி வாகனத்துக்குள் வைக்காதேங்கோ. உள்ளே நொதிப்பு நிற்காது, வாயு ஏறிப் போத்தல் வெடிக்கும். மூடியைத் தளர்த்தி, முக்கால் போத்தல் மட்டும் நிரப்பிக் கொண்டுபோகலாம். அடுத்தது, பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத் தவறணையில் (கள்ளுக்கடையில்) வாங்குங்கோ. வேலிக்குப் பின்னால் சீனியும் ஈஸ்டும் கலக்கிய தண்ணியைக் கள்ளென்று தருகிறவர்களும் உண்டு. அதில் ஈஸ்ட் மணம்தான் முன்னுக்கு வரும், பனை மணம் இராது. கசிப்பை (கள்ளச் சாராயத்தை) யார் நீட்டினாலும் தொடவேண்டாம். அதில் என்ன கலந்திருக்கு என்று காய்ச்சியவனுக்கே தெரியாது, கண் பார்வை போன ஆக்களும் உண்டு.

பிளாவில் தந்தால் பிளாவிலேயே குடியுங்கோ. பனையோலையை மடித்துக் கட்டியது, கீழே வைக்க முடியாது. அதனால் கையில் கொள்கிற அளவுக்குத்தான் கேட்க வேணும்.

தாரணி:

கள்ளுக் குடிக்காதவர்களுக்கு என்ன இருக்கு? பிள்ளைகளும் வருவினம்.

பாளைக்கத்தி:

கருப்பநீர் கேளுங்கோ, தங்கச்சி. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசி இறக்குவது. சுண்ணாம்பு நொதிப்பை அடக்குவதால் இனிப்பாகவே இருக்கும், வெறிக்காது. அதிலும் காலையில் இறக்கியதுதான் நல்லது. குடிக்க முன் வடித்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும், மேலால் வார்த்தெடுக்கலாம். ஒன்று, அப்பத்துக்கு மா புளிக்க வைக்கக் கருப்பநீர் உதவாது. அதுக்குக் கள்ளுத்தான் வேணும், 500 கிராம் அரிசி மாவுக்கு அரைக் கோப்பை போதும்.

ஒடியல்:

ஒடியல் கூழைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே! கரையில் தங்குமிடம் எடுத்தால், தங்குமிடக்காரரிட்டைச் சொல்லி அடுப்பும் பெரிய பானையும் வாங்கி நீங்களே காய்ச்சுங்கோ. கடைக்கூழ் பெரும்பாலும் தண்ணி.

ஆறு பேருக்கு ஒடியல் மா 250 கிராம். புழுக்கொடியல் மாவை வாங்கிவிடாதேங்கோ. அது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கின் மா, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுத் தின்ன நல்லது, கூழில் தடிக்காது. ஒடியல் பச்சைக்கிழங்கைப் பிளந்து காயவிட்டது. அதில் ஒரு கசப்பு இருக்கும். முதல் வேலையாக மாவை நிறையத் தண்ணியில் கரைத்து அரை மணித்தியாலம் வைக்க வேணும். மா அடியில் தங்கியதும் மேல் தண்ணியை வார்த்து ஊற்றிவிட்டு இன்னொரு முறை அப்படியே. இதைச் சுருக்கினால் எவ்வளவு நல்ல நண்டு போட்டாலும் கூழ் கசக்கும்.

மூன்று லீற்றர் தண்ணி கொதிக்க, ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயித்தங்காய். இவை நன்றாக அவிந்த பிறகுதான் புளி. முந்திப் போட்டால் பலாக்கொட்டை கல்லாகவே நிற்கும், புளிப்பு அதை அவியவிடாது. மரவள்ளி போட்டால் பானையை மூடுவதில்லை, இஞ்சி கிட்டவும் வராது. இது ஊர்க்கட்டளை.

பிறகு மீன் தலையும் துண்டுகளும் ஒரு கிலோ, பிளந்த நண்டு நாலு, கடைசியாக இறால் கால் கிலோ. கணவாய் போடுவதென்றால் மிச்சமெல்லாம் ஆனபிறகு மூன்று நிமிடம். கூட விட்டால் றப்பர். செத்தல் மிளகாய் 12, மஞ்சள், உப்பு சேர்த்து அரைத்த கூட்டை, தேசிக்காயளவு பழப்புளியோடு கரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் ஒடியல் மாவைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டுக் கிண்டுங்கோ. பத்து நிமிடம் மெல்லிய நெருப்பு. ஆற ஆறத் தடிக்கும். அதனால் இறக்கும்போது கொஞ்சம் தண்ணியாகவே இருக்கட்டும். முருங்கை இலை இறக்கும் நேரத்தில்.

நண்டு வாங்கும்போது வயிற்றுப் பக்கம் காலடியில் விரலால் அமர்த்துங்கோ. அமிழ்ந்தால் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணிதான். நீலக்கால் நண்டு கூழுக்கு நல்லது, களப்பில் பிடிக்கிற பெரிய நண்டைத் தனிக்கறியாக வையுங்கோ.

வாடிக்காரன்:

நாள் பார்க்கிறவர்களுக்கு: போயா (பௌர்ணமி) நாளில் தவறணை பூட்டு, அது நாடு முழுக்கச் சட்டம். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கவும் கூடாது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் நேரத்தில் சுற்றியுள்ள ஊர்களில் விரதம் பிடிக்கிற வீடுகள் கன. அங்கே மீன், இறைச்சி சமையாது. வெள்ளம் போல சனம் வரும். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுப்பதைப் பார்க்க வருவதென்றால் சைவச் சாப்பாட்டோடு வாருங்கோ, கள்ளை வேறொரு கிழமைக்கு விடுங்கோ.

மான் வத்தல், மரை இறைச்சி என்று யாராவது மெல்லச் சொன்னால் வேண்டாம். வாங்கினவரும் வழக்கில் மாட்டுவார். வன்னிக்காட்டு ருசி வேணுமென்றால் பாலைப்பழக் காலத்தில் றோட்டோரம் விற்பதை வாங்குங்கோ. பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசினால் போகும்.

தாரணி:

ஒடியல் மாவை வீட்டுக்குக் கொண்டுபோனால் எவ்வளவு நாள் இருக்கும்?

ஒடியல்:

மாவாக வாங்காதேங்கோ, ஒடியலாக வாங்குங்கோ. காய்ந்த ஒடியல் மாதக்கணக்கில் கிடக்கும், மா சீக்கிரம் பூச்சி பிடிக்கும். இடையிடையே வெயிலில் போட்டு எடுத்து, தேவைப்படும்போது இடித்து அரித்தால் போதும். ஒடிக்கும்போது டக்கென்று முறியாமல் வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கு, அந்தக் கட்டை விட்டுவிட்டு வேறு பாருங்கோ.