‘ஃபோர்ஷோர்’: முன்கரையா, ஓதக்கரையா, வற்றுகரையா?

மொழிபெயர்ப்பவர்:
அன்பர்களே, பழைய நிலப்படம் படிக்கும் பாடத்தின் குறிப்புகள் திங்களன்று அச்சுக்குப் போகின்றன. படம் இங்கிலாந்தின் பிளாக்பூல், உல்லாசக் கடற்கரை நகராக வளர்ந்துவந்த காலத்து ஆறங்குலப் படம் (மைலுக்கு ஆறங்குலம், 1:10,560). கடல் ஏறி நிற்கும் உயர்நீர்க் கோட்டுக்கும் இறங்கி நிற்கும் தாழ்நீர்க் கோட்டுக்கும் நடுவே புள்ளியிட்ட மணல்பட்டைதான் ஃபோர்ஷோர் (foreshore). ‘கடற்கரை’ என்றெழுதினால் மாணவர்கள் நிலத்தோடு சேர்த்து வண்ணமடிக்கிறார்கள், பரப்பளவு தவறுகிறது. 1863இல் திறந்த வடக்குப் பியர் (கடலுக்குள் நீளும் நடைமேடை) ஏன் அவ்வளவு தூரம் நீள்கிறது என்பதும் புரிவதில்லை. தமிழில் ‘முன்கரை’ என்றால் போதுமா?

புவியியல் ஆசிரியர்:
எதற்கு முன், அம்மா? பட்டையை வரையறுப்பது ஓதம், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது. பிளாக்பூலில் பெருவோதத்தில் (அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வருவது) நீர்மட்டம் எட்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். சென்னையில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அங்கே கரையின் சாய்வு 1:15 என்றால் பட்டை 15 மீட்டர். இந்த அளவையில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது, மைலுக்கு ஓரங்குலப் படத்தில் இரு கோடும் ஒட்டிவிடும். நம்மிடம் பொதுச்சொல் ஊன்றாததற்கு அதுவே காரணம் என்பேன். ‘ஓதக்கரை’ என்போம். இன்னொன்று: இங்கிலாந்துப் படங்களில் உயர்நீர்க் கோடு சராசரி ஓதத்துக்கு உரியது. ‘உச்ச ஓதம்’ என்று எழுதிவிடாதீர்கள்.

புலவர்:
சங்கப் பாடல்களில் ‘எக்கர்’ இருக்கிறதே! எக்குதல், மேலெழுதல். அலை எக்கிய மணல்.

புவியியல் ஆசிரியர்:
ஐயா, எக்கர் மேடு. ஞாழல் மரம் பூக்கும் இடம் உயர்நீர்க் கோட்டுக்கு மேலே இருக்கும். நமக்கு வேண்டியது நாளுக்கு இருமுறை மூழ்கும் நிலம்.

மொழிபெயர்ப்பவர்:
‘ஓதம்’ என்றால் மாணவருக்குச் சுவரில் ஏறும் ஈரம்தான் தோன்றும். ஃபோர்ஷோர் என்றே விட்டாலோ, பட்டினப்பாக்கத்து ஃபோர்ஷோர் எஸ்டேட்டைக் குடியிருப்பாகவே அறிந்தவர்கள் நிலம் என்றே கொள்வார்கள். ‘வற்றுக்கரை’?

புலவர்:
ஒற்று மிகாது. வற்றிய, வற்றுகின்ற, வற்றும் கரை. ஊறுகாய் போல வினைத்தொகை. வற்றுகரை.

புவியியல் ஆசிரியர்:
ஈழத்தில் ஓதத்தை ‘வற்றுப்பெருக்கு’ என்கிறார்களே? அங்கே வற்று பெயர்தானே?

புலவர்:
பெயராகக் கொண்டால் ஒற்று வரும், மறுக்கவில்லை. ஆனால் இங்கே வினையாகக் கொள்வதுதான் பொருளுக்கு நெருக்கம்.

மொழிபெயர்ப்பவர்:
தனிமடல்களையும் சேர்த்து வற்றுகரைக்கு நால்வர், ஓதக்கரைக்கு இருவர். அச்சுக்கு ‘வற்றுகரை’ அனுப்புகிறேன். குறிவிளக்கக் கட்டத்தில் ‘உயர்நீர், தாழ்நீர்க் கோடுகளுக்கு இடைப்பட்ட மணல்’ என்று ஒருமுறை விரித்தும் எழுதுகிறேன்.

புவியியல் ஆசிரியர்:
என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். வற்றுவது ஏரியும் கிணறும். கடலை நம் கரையில் ‘உள்வாங்குது’ என்றுதான் சொல்கிறார்கள். அடுத்த பதிப்புக்கு ஓதக்கரையை மறுபடி முன்வைப்பேன்.