சந்தனம் மணக்கும் ஆட்கள்: நீங்கள் பார்த்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

மதுரைக்காரி:
நான் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். சில வருஷம் முன்பு எங்களுக்கு ஒரு மேலாளர் இருந்தார். மாத முதல் வாரத்தில் பென்ஷன் வாங்க வருபவர்கள் கூட்டம் எப்படியிருக்கும் என்று தெரியும் அல்லவா? ஒருவர் கவுன்டரைத் தட்டுவார், இன்னொருவர் டோக்கனைக் கிழித்துப் போடுவார். அந்த நேரத்தில் மேலாளர் எழுந்து வருவார். ஆள் வருவதற்கு முன்னாலேயே மெல்லிசாகச் சந்தன வாசனை வரும். சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர் ஏனோ குரலைத் தணித்துக்கொள்வார். இவரும் உரக்கப் பேசிப் பார்த்ததில்லை.

ஒரு நாள் கேட்டேவிட்டேன், “சார், என்ன அத்தர் போடுகிறீர்கள்?” என்று. “அத்தர் இல்லம்மா. காலையில் எங்கம்மா படத்துக்கு வைக்கச் சந்தனம் அரைப்பேன். விரலில் மிஞ்சுவதைக் கழுத்தில் தடவிக்கொள்வேன், அவ்வளவுதான்” என்றார். கல்லில் பத்து நிமிஷம் இழைப்பாராம். அதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. வாசனையால் அவர் சாந்தமானாரா, சாந்தமான ஆளாக இருப்பதால் அந்த வாசனை அவரைத் தேடிப் போனதா? உங்களுக்கும் இப்படி யாரையாவது தெரியுமா?

திருப்பத்தூர் பென்ஷனர்:
அம்மா, நான் வனத்துறைச் சந்தனக் கிடங்கில் பல வருஷம் வேலை செய்தவன். ஜவ்வாது மலையிலிருந்து கட்டை வரும். எண்ணெய் வேரிலும் நிறைய இருக்கும் என்பதால் சந்தன மரத்தை மற்ற மரம் மாதிரி அறுக்க மாட்டார்கள், வேரோடு பெயர்த்தெடுப்பார்கள். வெளிப்பக்கத்து வெள்ளை மரத்துக்கு மணம் கிடையாது. அதைச் செதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே வைரம் பாய்ந்த கட்டையைத்தான் தரம் பிரிப்போம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிடங்கில் இருந்த அத்தனை பேரும் சந்தனம் மணப்போம். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முகத்தைப் பார்க்காமலே “கிடங்கா அண்ணே?” என்பார். ஆனால் எங்களில் குடிகாரன் இருந்தான், தினம் சண்டை இழுப்பவன் இருந்தான், வாயே திறக்காதவனும் இருந்தான். எல்லாருக்கும் ஒரே வாசனை. எங்கள் மூக்குக்கு மட்டும் அது தெரியாது. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மூக்கு பழகிவிடும்.

மரம் மட்டும் என்ன சாதுவா? பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைக் கொண்டுபோய் ஒட்டி, அது சேர்த்த சத்தை உறிஞ்சி வளர்கிற ஜாதி அது.

சென்னை, ஐ.டி.:
பென்ஷனர் ஐயா சொன்னதற்குப் பெரிய கும்பிடு. என் பழைய டீம் லீடர் சந்தன வாசனை பெர்ஃப்யூம்தான் போடுவார். மெதுவான பேச்சு, வெள்ளைச் சட்டை, அலுவலகமே அவரைச் “சாந்த சொரூபி” என்று கொண்டாடியது. அதே சாந்தத்தோடு, நான் ராத்திரி உட்கார்ந்து முடித்த வேலையைத் தன் பெயரில் மேலே அனுப்பினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. இப்போதும் மெட்ரோவில் அந்த வாசனை வந்தால் அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறேன். ஊருக்கெல்லாம் மனதை அடக்குகிற வாசனை, எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

திருவல்லிக்கேணி அத்தர் கடை:
தங்கச்சி, அவர் போட்டதில் சந்தனமே இருந்திருக்காது. கடையில் கிடைக்கும் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் ஜாவனால், சாண்டலோர் மாதிரி ஆலையில் செய்த பொருள்கள்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல எண்ணெய் விலைக்குக் கட்டுப்படியாகாது. அத்தருக்குப் பேர்போன வடநாட்டு ஊர் கன்னோஜில், பூவைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆவியைப் பிடிக்கும் பாத்திரத்தில் அந்தக் காலத்தில் சந்தன எண்ணெய்தான் இருக்கும். ரோஜா சீக்கிரம் பறந்துவிடும், சந்தனம் கனம், லேசில் கிளம்பாது, ரோஜாவையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது பல இடத்தில் அதற்குப் பதில் பாரஃபின் எண்ணெய்.

ஆள் குணத்துக்கு வருவோம். கடையில் நான் பார்த்த வரை, கூச்ச சுபாவம் உள்ள பையன்கள்தான் ஊது, அதாவது அகில் கட்டை அத்தர், கேட்பார்கள். நாலு தெருவுக்கு மணக்க வேண்டும் என்பார்கள். சந்தனம் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் படபடப்பான ஆட்கள். ஃபோனில் கத்திக்கொண்டே உள்ளே வருவார்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்து, “டீ குடித்துவிட்டு அரைமணி கழித்து வந்து சொல்லுங்க பாய்” என்று அனுப்புவேன். எண்ணெய்ப்பசை உள்ள தோலில் சாயங்காலம் வரை நிற்கும், வறண்ட தோலில் மதியமே போய்விடும். குணத்தைக் காட்டுகிறதோ இல்லையோ, தோலைக் காட்டிக்கொடுத்துவிடும். என்னைக் கேட்டால், தன்னிடம் இல்லாததைத்தான் மனுஷன் காசு கொடுத்து வாங்குகிறான்.

ஓசூர்:
சின்னதாக ஒன்று. என் அத்தை வாழ்நாள் முழுக்க மைசூர் சாண்டல் சோப்புதான். முதல் உலகப் போரில் கட்டை ஏற்றுமதி நின்றுபோய், 1916-இல் மைசூரில் எண்ணெய் காய்ச்ச ஆரம்பித்தார்கள், அதிலிருந்து வந்த சோப்பு என்று பெருமையாகக் கதை சொல்வார். காலி டப்பாவைப் புடவை மடிப்பில் வைப்பார். அந்த மணம் வாசலில் வந்தால் நாங்கள் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை எடுப்போம். சாந்தமாவது ஒன்றாவது!

மதுரைக்காரி:
எல்லாவற்றையும் படித்தேன். அத்தர் கடை அண்ணன் சொன்னது மனதை அரித்துக்கொண்டே இருந்ததால் நேற்று அந்த மேலாளருக்கே ஃபோன் போட்டேன். ஓய்வு பெற்றுவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “நானா சாந்தம்? என் பையனைக் கேட்டுப் பாரும்மா” என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “அம்மா இருந்தவரைக்கும் அவங்ககிட்ட கத்தாமல் நான் ஒரு நாளும் ஆபீசுக்குக் கிளம்பினதில்லை. இப்போ அந்த நேரத்துக்குத்தான் அரைக்கிறேன்” என்றார்.

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று வைத்துவிட்டேன்.

பென்ஷனர் ஐயா, ஒரு கட்டை வாங்கலாம் என்றிருக்கிறேன். அசல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திருப்பத்தூர் பென்ஷனர்:
கோயில் வாசலில் வாங்க வேண்டாம் அம்மா. ஏதோ ஒரு கட்டைக்கு மேலே எண்ணெய் தடவி விற்பவர்கள் உண்டு. அரசுக் கடையில் ரசீதோடு வாங்குங்கள். ஓரத்தைக் கத்தியால் கொஞ்சம் சீவிவிட்டு உள்ளே முகர்ந்து பாருங்கள், மேலே இருக்கிற மணம் உள்ளேயும் இருக்க வேண்டும். கல் சொரசொரப்பாக இருக்கட்டும். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அதிகமானால் குழம்பு மாதிரி ஓடிவிடும். முதல் நாள் கை வலிக்கும்.