மறு: வன்முடிவு, மென்முடிவு – எஸ்எஸ்டி பிழைதிருத்தத்துக்கு வேறு சொல் வேண்டும்

வணக்கம் டீச்சர், மற்ற எல்லோருக்கும். பிள்ளைகளுக்கான சொற்பட்டியலில், எஸ்எஸ்டி (சில்லுகளில் தரவு வைக்கிற கணினிச் சேமிப்பு) வாசிப்பில் வரும் பிழையைத் திருத்தும் இரண்டு வழிகளுக்கு நீங்கள் போட்ட சொற்களைப் பற்றித்தான் இது.

> ஹார்ட் டிசிஷன் = வன்முடிவு, சொஃப்ட் டிசிஷன் = மென்முடிவு. வன்பொருள், மென்பொருள் ஏற்கெனவே பழகிவிட்டன. அதே வழியில் போனால் பிள்ளைகளுக்குச் சுலபம்.

சுலபம்தான், அந்தச் சுலபத்தில்தான் வினையே இருக்கிறது. வன்முடிவு என்று வாசிக்கிற பிள்ளை அதை வன்பொருள் எடுக்கும் முடிவு என்றும் மற்றதை மென்பொருள் எடுக்கும் முடிவு என்றும்தான் விளங்கிக்கொள்ளும். உண்மையில் இரண்டையும் செய்வது எஸ்எஸ்டிக்குள் வாசிப்பையும் எழுத்தையும் நடத்துகிற சில்லான அதே கொன்ட்ரோலர்தான். வாசித்த பிட்டோடு அது எவ்வளவு நிச்சயம் என்ற சேதியும் சேர்ந்து வருகிறதா இல்லையா, வித்தியாசம் அதில்தான்.

தோட்டத்துக் கணக்கில் சொல்கிறேன். அம்மா கொழுந்து எடுத்தவர். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால் பேர், அதாவது முழுநாள் சம்பளம், குறைந்தால் அரைப்பேர். 17 கிலோ 800 கிராம் நிறுத்தவளுக்கும் காய்ச்சலோடு 9 கிலோவில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் திரும்பினவளுக்கும் செக்ரோல் என்கிற பேர்ப் புத்தகத்தில் விழுவது ஒரே அரைப்பேர். பிறகு அந்தப் புத்தகத்தை எத்தனை தரம் புரட்டினாலும் யார் மயிரிழையில் தவறவிட்டது, யார் பாதியோடு வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஹார்ட் டிசிஷன் அச்சொட்டாக இதுதான். எஸ்எஸ்டியில் பிட்டுகளை வைத்திருக்கிற ஒவ்வொரு கலத்திலும் தேங்கிய இலத்திரன்களைப் பொறுத்து அதன் வோல்டளவு எல்லைக்கு மேலேயா கீழேயா என்று பார்த்து 0 அல்லது 1 என்று எழுதிவிடுவது. எல்லையை ஒட்டி நின்றதா, தள்ளி நின்றதா என்பது அந்த இடத்திலேயே தொலைந்துபோகும்.

அதனால் நான் சொல்வது: வெட்டு முடிவு, சீர்தூக்கு முடிவு.

வெட்டொன்று துண்டிரண்டு என்கிறோமே, அந்த வெட்டு. சீர்தூக்கு என்பதை அழகுக்காக எடுக்கவில்லை. கலத்தை வாசிக்கிற சுற்று கொக்கித் தராசு மாதிரி எண் காட்டாது. பழைய கடைகளில் இருந்த தட்டுத் தராசு மாதிரி எந்தத் தட்டுத் தாழ்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று அறிய வேண்டுமானால் படிக்கல்லை மாற்றி மாற்றித் தூக்க வேண்டும், அதாவது எல்லை வோல்டளவைக் கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் ஏற்றி, அதே பக்கத்தை (ஒரே தரத்தில் வாசிக்கிற கலங்களின் கூட்டம்) திரும்பவும் வாசிக்க வேண்டும். எல்லா வாசிப்பிலும் ஒரே விடை வந்தால் அந்த பிட்டை நம்பலாம், மாறி வந்தால் அது வரம்பில் நிற்கிற ஆள். இந்த நம்பிக்கையை எண்ணாக்கிக் கொடுத்தால் எல்டிபிசி என்கிற பிழைதிருத்தக் குறி எந்த பிட்டை முதலில் சந்தேகப்படுவது என்று தெரிந்து வேலை செய்யும், வெட்டு முடிவில் திருந்தாத பக்கத்தையும் திருத்தும்.

ஆனால் தூக்கத் தூக்க நேரம் போகும். ஒரு வாசிப்புக்கே பல பத்து மைக்ரோசெக்கன் பிடிக்கிறது. அதனால் முதலில் ஒரே வாசிப்பு, வெட்டு முடிவு. பெரும்பாலான பக்கங்கள் அதிலேயே முடிந்துவிடும். தோற்றால் எல்லையை நகர்த்தி மறுவாசிப்பு, அதுவும் சரிவராவிட்டால்தான் சீர்தூக்கு. ஒரு கலத்தில் 3 பிட் வைக்கிற டிஎல்சியில் 8 நிலை, நடுவே 7 எல்லை. 4 பிட் வைக்கிற கியூஎல்சியில் 16 நிலை, 15 எல்லை. லயத்துக் காம்பிராவில் இன்னொரு குடும்பத்தை ஏற்றின மாதிரி நெருக்கம், வரம்பில் நிற்கிற ஆட்கள் கூடாமல் என்ன செய்யும்.

போன மாதம் கடைக்கு ஓர் எஸ்எஸ்டி வந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் கரண்ட் படாமல் அலுமாரியில் கிடந்ததாம், உள்ளே கல்யாணப் படங்கள். கொப்பி போட்டால் ஒரு படம் வரும், நிற்கும், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் இன்னும் நாலு படம் வந்திருக்கும். ஆனால் ஒன்றுகூடக் கெடவில்லை. உள்ளே நடந்ததை வெளியிலிருந்து பார்க்க முடியாதுதான், என்றாலும் மின்னேற்றம் கசிந்த கலங்களை மறுவாசிப்பும் சீர்தூக்கலுமாக இழுத்தெடுத்திருக்கிறது என்றே நினைக்கிறேன். வெக்கையில் கசிவு கூடும், ஹட்டன் குளிரும் கொஞ்சம் கைகொடுத்திருக்கலாம்.

அப்புறம் எல்டிபிசிக்கு 'குறை அடர்த்திச் சமநிலைச் சோதனைக் குறி' என்று போட்டிருக்கிறீர்கள், சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. சாதாரண தர இரசாயனத்தில் ஐதான அமிலம் என்று படித்தோமே, அந்த ஐது போதாதா? ஐதுசமன் குறி. எந்தெந்த பிட்டுகளைச் சேர்த்துச் சமன் பார்ப்பது என்று சொல்கிற சோதனை அணியில் 1கள் அங்கொன்று இங்கொன்றாக இருப்பதால்தானே அந்தப் பெயரே வந்தது. ராபர்ட் கல்லகர் இதை 1960இல் ஆய்வேடாக எழுதினார், அந்தக் காலக் கணினிகளுக்குத் தாங்காமல் கிடந்ததை 1990களில் ஆய்வாளர்கள் மக்கேயும் நீலும் தூசு தட்டி எடுத்தார்கள். முப்பது வருடம் காத்திருந்த குறிக்கு ஒரு நல்ல பெயராவது வைப்போம்.

---

> வெட்டு முடிவு

தம்பி, ஐதுசமன் பிடித்திருக்கிறது, சீர்தூக்கும் சரி. வெட்டுத்தான் இடிக்கிறது. இங்கே பதுளைப் பக்கம் வெட்டு என்றால் தராசடியில் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ வெட்டுவார்களே, அதுதான் பிள்ளைகளுக்கு முதலில் ஞாபகம் வரும். கவ்வாத்து வெட்டு வேறு இருக்கிறது.

---

அதேதான் டீச்சர்! வெட்டின கிலோ எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வெட்டு முடிவிலும் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்ற சேதியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் 0, 1 என்று எழுதுகிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம், பெற்றவர்களைக் கேட்டால் போதும்.

---

சரி, ஏற்றுக்கொண்டேன், இரண்டையும் பட்டியலில் போட்டுவிடுகிறேன். அடுத்தது சின்ட்ரோம். யாரோ 'நோய்க்குறி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள், எஸ்எஸ்டிக்கு என்ன டெங்குவா? எந்தெந்தச் சமன் சோதனை தவறியது என்று காட்டுகிற தடம்தானே அது, 'பிழைச்சுவடு' என்று வைக்கலாமா? சுவடு பூச்சியம் ஆனதும் திரும்பத் திரும்பத் திருத்துவதை நிறுத்தலாம் என்று எழுதவும் வசதி.