மறு: ஆர்க் மோடில் '+', '++', '.+' – மூன்று ரிப்பீட்டருக்கும் தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

ஆர்க் மோட் (ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியில் பணிகளையும் குறிப்புகளையும் எழுதிவைக்க உதவும் கருவி) கையேட்டின் தமிழாக்கத்தில் தேதிகள் பற்றிய பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. 'ரிப்பீட்டர்' மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறது. தேதிக்குறியின் கோண அடைப்புக்குள், தேதிக்குப் பின்னால், கூட்டல் குறியும் ஓர் எண்ணும் கால அளவுக்கான ஓர் எழுத்தும் சேர்ந்து வருமே, அதுதான். மணிக்கு எச், நாளுக்கு டி, வாரத்துக்கு டபிள்யூ, மாதத்துக்கு எம், ஆண்டுக்கு ஒய். பணியை முடிந்ததாக மாற்றியவுடன் தேதி முன்னால் நகரும். பணி முடிந்த நிலையில் தங்காமல் மறுபடி 'செய்' நிலைக்குத் திரும்பும். கடைசியாக முடித்த நேரம் பண்புப் பட்டியலில் பதிவாகும்.

நம் பழைய கலைச்சொற் பட்டியலில் இதற்கு 'மறுநிகழ்வு' என்று இருக்கிறது. நிகழ்வு என்பது நடப்பது. இங்கே பெயர் வேண்டியது தேதிக்குள் எழுதப்படும் ஒரு குறிக்கு. அதனால் பொதுச்சொல்லாக 'மீள்குறி' என்பதை முன்வைக்கிறேன்.

சிக்கல் அதோடு தீரவில்லை. குறி மூன்று வகை. ஆங்கிலக் கையேடு அவற்றுக்குப் பெயரே வைக்காமல், அப்பாவுக்கு வாராவாரம் போன் செய்வது, புகை உணர்வியின் பேட்டரியைப் பார்ப்பது என்று எடுத்துக்காட்டுகளை வைத்தே ஒப்பேற்றிவிடுகிறது. தமிழில் அப்படி விட்டால் படிப்பவர் மூன்றையும் ஒன்றென்று நினைத்துவிடுவார். விளைவு எவ்வளவு வேறுபடுகிறது என்று பாருங்கள். 2025 ஜனவரி 5 தேதியிட்ட வாடகைப் பணி, மாதம் ஒரு முறை. மார்ச் 20 வரை யாரும் தொடவில்லை. அன்றுதான் முடிந்ததாக மாற்றுகிறோம்.

'+' இருந்தால் புதிய தேதி பிப்ரவரி 5. அதுவும் கடந்துபோன நாள்தான். இன்னொரு முறை முடித்தால் மார்ச் 5, மூன்றாம் முறைதான் ஏப்ரல் 5.

'++' இருந்தால் ஒரே எட்டில் ஏப்ரல் 5.

'.+' இருந்தால் ஏப்ரல் 20. பழைய ஐந்தாம் தேதிக்கு மதிப்பே இல்லை. முடித்த நாளிலிருந்து ஒரு மாதம்.

கணக்குப் புத்தகத்துச் சொற்கள் இங்கே கச்சிதமாக உட்காருகின்றன. '+' நிலுவை மீள்குறி, '++' தள்ளுபடி மீள்குறி, '.+' புதுக்கணக்கு மீள்குறி. வாடகையோ வட்டியோ விட்ட மாதம் விட்டதாகப் போகாது, நிலுவையில் நிற்கும். அதற்கு '+' தான் சரி. கருத்துகள் வேண்டும்.

* * *

> '++' தள்ளுபடி மீள்குறி

நண்பருக்கு வணக்கம்.

நிலுவை நல்ல சொல். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ஒரே பொருளில்தான் விளங்கும். புதுக்கணக்கும் அப்படியே, சித்திரையில் புதுக் கைவியளம் (புத்தாண்டில் பெரியவர்கள் தரும் காசு), புதுக்கணக்கு என்று பழகிய சொல். தள்ளுபடிதான் உதைக்கிறது. இன்றைக்கு அதைக் கேட்டவுடன் கடை விளம்பரம்தான் நினைவுக்கு வரும். அடுத்ததாக வழக்குத் தள்ளுபடி. 'இந்தப் பணிக்குத் தள்ளுபடி மீள்குறி போடுங்கள்' என்றால், பணியையே தள்ளுபடி செய்யச் சொல்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ள இடமிருக்கிறது. 'தாவல் மீள்குறி' எப்படி? விட்டுப்போன நாட்களைத் தாவி அடுத்த நாளுக்குப் போகிறது.

'++' வகையில் நாட்களைத் தாவுவது ஒரு பாதிதான். கிழமையும் நாளும் பிசகாமல் இருப்பது மற்றப் பாதி. சனிக்கிழமைச் சந்தையை இரண்டு வாரம் தவறவிட்டு, புதன்கிழமை வந்து பணியை முடிந்ததாக மாற்றினாலும் அடுத்த தேதி சனிக்கிழமையாகவே வரும். இதே இடத்தில் '.+' போட்டிருந்தால் பணி புதன்கிழமைக்கு இடம்பெயர்ந்துவிடும். சந்தை இல்லாத நாளில் பை தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. விளக்கத்தில் இரண்டு பாதியையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 'ஸ்கெட்யூல்டு' என்பதற்குப் பட்டியலில் 'திட்டமிட்ட திகதி' என்றிருக்கிறது. இதையும் இப்போதே மாற்றிவிடலாம். கையேடே எச்சரிக்கிறது: கூட்டம், பல் மருத்துவர் சந்திப்பு போன்றவற்றுக்கு இதைப் போடக்கூடாது, அவற்றுக்கு வெறும் தேதிக்குறி போதும். ஸ்கெட்யூல்டு என்பது வேலையைக் கையில் எடுக்க வேண்டிய நாள். முடிக்கும்வரை ஒவ்வொரு நாளும் நிகழ்ச்சி நிரலில் வந்து நிற்கும். 'திட்டமிட்ட' என்று சொன்னால் எல்லாரும் கூட்டத்தைக் கொண்டுபோய் அதில்தான் எழுதுவார்கள். கூட்டம் முடிந்து ஒரு வாரமாகியும் அது நிரலில் தொங்கிக்கொண்டிருக்கும். 'தொடங்குநாள்' என்று வைப்போம். 'டெட்லைன்' என்பதற்குக் 'கெடு' இருக்கவே இருக்கிறது, 'காலக்கெடு' என்று நீட்டவும் வேண்டாம்.

* * *

> 'தாவல் மீள்குறி' எப்படி?

தாவல் வேண்டாம் என்பேன். மென்பொருள் தமிழாக்கங்களில் உலாவியின் டேப்புக்கு அந்தச் சொல்லை ஏற்கனவே போட்டுவிட்டார்கள். ஆர்க் மோடிலோ டேப் விசைதான் தலைப்புகளை மடிப்பதும் விரிப்பதும். 'தாவல் மீள்குறி' என்று படித்தால், டேப் விசையை அழுத்தினால் வருவதோ என்று ஒருவர் கேட்பார், அவர் கேட்பது நியாயமாகவும் இருக்கும். பொருள் மாறாமல் 'தாண்டல்' என்று வைக்கலாம்.

நிரலின் உள்ளேயும் பார்த்துவிடுவோம். கையேடு பெயர் வைக்காவிட்டாலும், கோப்பைப் படித்துப் பாகுபடுத்தும் நூலகம் வைத்திருக்கிறது. '+' வகைக்குக் கியூமுலேட், '++' வகைக்குக் கேட்ச்-அப், '.+' வகைக்கு ரீஸ்டார்ட். சேர்ந்துகொண்டே போவது, எட்டிப் பிடிப்பது, மறுபடி தொடங்குவது. நிலுவையும் புதுக்கணக்கும் முதலுக்கும் கடைசிக்கும் சரியாகப் பொருந்துகின்றன. நடுவில் இருப்பதற்கு நேர்ச்சொல் தேடினால் 'எட்டிப்பிடி' என்று குழந்தை விளையாட்டாகிவிடும். தாண்டலே இருக்கட்டும்.

சொல் எப்படி அமைய வேண்டும் என்பதில் மூன்று கட்டுப்பாடுகள் இருக்கின்றன.

கோப்புக்குள் தொடங்குநாளையும் கெடுவையும் குறிக்கும் முன்சொற்கள் ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே இருக்க வேண்டும். அவற்றைத் தமிழாக்கினால் நிரல் அடையாளம் காணாது, பணி நிகழ்ச்சி நிரலில் வரவே வராது. பணிநிலைச் சொற்கள் அப்படியல்ல. 'செய்', 'நடப்பில்', 'முடிந்தது' என்று தாராளமாக வைக்கலாம். ஆனால் இடைவெளி வந்தால் இரண்டு நிலைகளாகப் பிரிந்துவிடும். விரைவாகத் தேர்ந்தெடுக்க அடைப்புக்குள் இடும் எழுத்து ஒரே விசையில் வருவதாக இருக்க வேண்டும். 'மு' என்பது கணினிக்கு இரண்டு குறியீடுகள், அதனால் அங்கே ஆங்கில எழுத்தை வைப்பதே தொல்லையில்லாதது.

அடையாளச் சொற்களில், அதாவது தலைப்பு வரியின் கடைசியில் இரட்டைப் புள்ளிகளுக்கு நடுவே வரும் டேக்குகளில், எழுத்து, எண், அடிக்கோடு, இன்னும் '@', '#', '%' மட்டுமே செல்லும். தமிழ் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்தாகவே கொள்ளப்படுவதால் ':வீடு:' வேலை செய்யும். இணைப்புக்கோடு போட்டால் போச்சு. ':புது-கணக்கு:' என்று எழுதினால் பிழைச்செய்தி எதுவும் வராது; அது டேக்காகாமல் தலைப்பின் பகுதியாகவே ஒட்டிக்கொள்ளும், தேடும்போது அகப்படாது. 'புதுக்கணக்கு' என்று ஒட்டி எழுதுவதில் இந்த வசதியும் இருக்கிறது. இனி வைக்கும் எந்தச் சொல்லிலும் கோடு வேண்டாம்.

மூன்றாவது, தேதிக்குள் வரும் கிழமைப் பெயர். கணினியின் மொழி அமைப்பு தமிழாக இருந்தால் 'தி', 'செ' என்று தானே எழுதப்படும். அந்த இடத்தில் எண், கூட்டல், கழித்தல் குறி வராதவரை ஆர்க் மோட் அதைப் பொருட்படுத்துவதில்லை. எனவே கிழமைக்காகத் தனி ஏற்பாடு தேவையில்லை.

விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டிய சில நடைமுறைகள்:

மாதக் கடைசி. 2025 ஜனவரி 31-இல் '+' ஒரு மாதம் என்று போட்டு முடித்தால் பிப்ரவரி 28 வராது, மார்ச் 3 வரும். மாத எண்ணில் ஒன்றைக் கூட்டி 'பிப்ரவரி 31' என்றாக்கி, மிகுந்த மூன்று நாளை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவதே காரணம். அதன் பிறகு பணி ஒவ்வொரு மாதமும் 3-ஆம் தேதிக்கே வரும், 31-க்குத் திரும்பாது. சம்பளப் பட்டியல், வாடகை எல்லாவற்றையும் 28-க்குள் ஒரு தேதியில் நிறுத்துவது எளிது.

இரண்டு தேதிகள். பணிக்குத் தொடங்குநாளும் கெடுவும் இருந்து, கெடுவில் மட்டும் மீள்குறி இருந்தால், முடித்தவுடன் கெடு நகரும், தொடங்குநாள் அழிக்கப்பட்டுவிடும். பிழை என்று பலரும் நினைக்கிறார்கள். பழைய தொடங்குநாளுக்கு இனிப் பொருளில்லை என்றே நிரல் வேண்டுமென்று அதை நீக்குகிறது. இரண்டும் சேர்ந்து நகர வேண்டுமானால் இரண்டிலும் மீள்குறி போட வேண்டும்.

நிரந்தரமாக முடிப்பது. வீட்டைக் காலி செய்தாகிவிட்டது, இனி வாடகை இல்லை. சாதாரணமாக முடித்தால் அடுத்த மாதத்துக்கு நகர்ந்துவிடும். கண்ட்ரோல்-கழித்தல், 1, பிறகு கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-டீ (T). கட்டளைக்கு முன்னொட்டாகக் கழித்தல் ஒன்று கொடுத்தால் மீள்குறியை மதிக்காமல் பணி முடிந்த நிலையில் தங்கும்.

பழக்கப் பணி. '.+' இரண்டு நாள், சாய்கோடு, நான்கு நாள் என்று எழுதினால் இரண்டு நாளுக்கொரு முறை செய்வது நல்லது, நான்கு நாளைத் தாண்டக் கூடாது என்று பொருள். பின்னால் உள்ள எண் முன்னால் உள்ளதைவிடப் பெரிதாக இல்லாவிட்டால் நிரல் பிழை காட்டும். 2024-இல் வந்த 9.7 பதிப்பிலிருந்து பாகுபடுத்தி இந்தப் பின் எண்ணையும் தனிப் பண்பாகப் படிக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயரில் 'டெட்லைன்' இருக்கிறது. நாமும் கெடு என்றால் உண்மையான கெடுவோடு குழம்பும். அதைத் தாண்டினால் பழக்க வரைபடத்தில் நிறம் மாறும், அவ்வளவுதான். 'மேலெல்லை' போதும்.

* * *

> 'திட்டமிட்ட' என்று சொன்னால் எல்லாரும் கூட்டத்தைக் கொண்டுபோய் அதில்தான் எழுதுவார்கள்

தொடங்குநாள் ஏற்கத்தக்கது. இதைத் தொட்டு நிகழ்ச்சி நிரலில் தெரியும் சொற்களையும் முடித்துவிடலாம். கோப்பில் உள்ள முன்சொற்களை மாற்ற முடியாது. நிரலில் பணிக்கு முன்னால் காட்டப்படும் சொற்களை மாற்றலாம். தொடங்குநாளுக்கு இரண்டு சரங்கள் (அங்கே காட்டப்படும் சொற்றொடர்கள்), கெடுவுக்கு மூன்று.

தொடங்குநாளின் இரண்டாவது சரத்தில்தான் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் 'ஸ்கெட். 2எக்ஸ்' என்று வரும். பலர் இதை 'இரண்டு நாள் தாமதம்' என்று தமிழாக்குகிறார்கள். தவறு. அந்த எண் கடந்த நாட்களின் கணக்கன்று, பணி எத்தனையாவது முறையாக நிரலுக்கு வருகிறது என்பது. ஆகவே கடந்த நாட்களைவிட எப்போதும் ஒன்று கூடுதல். நேற்றுத் தொடங்க வேண்டியது இன்றைக்கு 2 என்று காட்டும். '2-ஆம் நாள்' என்று எழுதினால் கணக்கு அப்படியே சரியாகிவிடுகிறது. ஒன்றைக் கழித்து மனத்துக்குள் திருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

கெடுவின் மூன்று சரங்கள்: அன்றைக்கே என்றால் 'இன்று கெடு', முன்னால் இருந்தால் '5 நாளில் கெடு', கடந்துவிட்டால் 'கெடு கடந்து 5 நாள்'. இங்கே எண் நேரான நாள் கணக்கு, ஒன்று கூடுதலில்லை. வேறு ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால் கெடுவுக்கு 14 நாள் முன்பிருந்தே நடுச்சரம் நிரலில் தலைகாட்டும். எண் வரும் இடத்தை ஒரு சரத்தில் ஒரு முறைக்கு மேல் வைத்தால் நிகழ்ச்சி நிரலே திறக்காமல் பிழை வரும். நெடுவரிசை ஒழுங்கை எதிர்பார்க்க வேண்டாம். ஆங்கிலச் சரங்கள் இடைவெளிகளை வைத்து ஒரே நீளமாக்கப்பட்டவை, தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இராது. சரம் சிறிதாக இருந்தால் கோணல் குறையும்.

> தாண்டலே இருக்கட்டும்.

இருக்கட்டும். பட்டியலில் இப்படி எழுதுகிறேன்: மீள்குறி, நிலுவை மீள்குறி, தாண்டல் மீள்குறி, புதுக்கணக்கு மீள்குறி, தொடங்குநாள், கெடு, மேலெல்லை. தாண்டல் மீள்குறியின் விளக்கத்தில் 'விட்ட முறைகளைக் கணக்கில் கொள்ளாது, கிழமையும் நாளும் மாறாது' என்று இரண்டு பாதியும் வரும்.

மிச்சம் ஒரு செய்தி இருக்கிறது. தாண்டல் மீள்குறி தேதியை ஒவ்வோர் இடைவெளியாகத் தள்ளிப் பார்க்கும். பத்து முறை தள்ளியும் இன்றைய நாளைத் தாண்டாவிட்டால் நின்று கேட்கும். தினப்பணியை இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டவர்களுக்கெல்லாம் இது வரும். ஆண்டைத் தவறாக எழுதியவர்களுக்கும் வரும், கேள்வியே அவர்களுக்காகத்தான். 'இல்லை' என்றால் மாற்றம் கைவிடப்படும். இப்போதுள்ள தமிழ் 'ரிப்பீட்டர் இடைவெளிகள் போதவில்லை, தொடரவா?' என்கிறது, எதற்குப் போதவில்லை என்று அதில் தெரியவில்லை. இப்படி மாற்றுகிறேன்: '10 முறை தள்ளியும் தேதி இன்றைத் தாண்டவில்லை. இன்னும் தள்ளவா?'