தோட்டத்து நினைவுகளைப் பதியும் வலைப்பூவில் குப்பைப் பின்னூட்டங்கள்: என்ன செய்யலாம்?

லயத்துக்காரன் (சுங்கை சிப்புட்):

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களைப் பற்றி ஆறு ஆண்டுகளாக வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு வலைப்பூ நடத்தி வருகிறேன். பெரட்டுக் களம் (விடியலில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), ஆயாக் கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), ஒட்டுப்பால் (மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர்ப் பால்) பொறுக்கிய பெண்கள், தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில் மலேசிய இந்தியர்களின் தலைவர்களுள் ஒருவரான துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் எங்கள் பாட்டி பங்கு வாங்கிய கதை என்று நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. விளம்பரம் எதுவும் இல்லை, வருமானமும் இல்லை.

என் வலைப்பூவின் உயிர் பதிவுகளில் இருப்பதைவிடப் பின்னூட்டங்களில்தான் அதிகம் இருக்கிறது. எந்தத் தீம்பாரில் (பால்மரக் காட்டில்) யார் தண்டலாக (மேற்பார்வையாளராக) இருந்தார், கோயில் மரத்தை எப்போது வெட்டினார்கள் என்பதையெல்லாம் பெரியவர்கள் அங்கேதான் எழுதுகிறார்கள். ஆனால் இப்போது நாள்தோறும் நூற்றுக்கு மேல் குப்பை வந்து விழுகிறது: சூதாட்டம், உடனடிக் கடன், போலி மருந்து. குறிப்பாக, 1948 ஜூன் 16 அன்று இவ்வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதையும் பற்றிய பதிவைத்தான் அவை மொய்க்கின்றன. பின்னூட்டப் பெட்டியை மூடிவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வலைப்பதிவர்களுக்கான மாநாடுகளுக்குச் சென்றால் இதற்கெல்லாம் தெளிவு பிறக்கும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். என்னைப் போன்ற சிறு பட்டணத்துப் பதிவர் அதற்குச் செலவழிப்பது தகுமா?

பழைய பதிவர் (தைப்பிங்):

தமிழ் வலைப்பூக்களைத் தொகுத்துக் காட்டும் தமிழ்மணம் திரட்டி 2004இல் தொடங்கிய சிறிது காலத்தில் எழுத வந்தவன் நான். இந்தத் தொல்லையை அன்றிலிருந்தே பார்த்து வருவதால் சற்று நீளமாகவே சொல்கிறேன்.

குப்பையை அனுப்புபவன் உங்கள் வாசகரை மனத்தில் வைத்து எழுதுவதில்லை, தேடுபொறியைத்தான் குறிவைக்கிறான். தன் தளத்துக்கான இணைப்பு நல்ல பக்கங்களில் இருந்தால் தேடலில் முன்னே வரலாம் என்பது அவன் கணக்கு. பலர் படிக்கும் உங்கள் 1948 பதிவை அவை மொய்ப்பதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். இதைத் தடுக்க 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்எஸ்என் ஆகிய மூன்றும் இந்த இணைப்பைத் தரவரிசைக்குக் கணக்கில் கொள்ளாதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘நோஃபாலோ’ என்ற குறியை ஏற்றுக்கொண்டன. பின்னூட்டத்தில் உள்ள இணைப்புகளுக்கு வேர்ட்பிரஸ் அந்தக் குறியைத் தானாகவே இட்டுவிடும். அப்படியும் குப்பை குறையவில்லை. அனுப்புவது ஒரு நிரல். அதற்குக் கூலியும் கிடையாது, அலுப்பும் கிடையாது.

இனி அமைப்புகளைப் பார்ப்போம். ஏற்கெனவே ஒருமுறை அனுமதி பெற்றவரின் பின்னூட்டம் நேரே வெளிவரும் என்ற விருப்பம் வேர்ட்பிரஸில் இருக்கிறது. வசதியானதுதான், ஆனால் அதில் ஒரு பொறியும் உண்டு. ‘அருமையான பதிவு, தொடர்ந்து எழுதுங்கள்’ என்று இணைப்பே இல்லாமல் ஒரு பாராட்டு வரும். மகிழ்ந்துபோய் அனுமதிப்பீர்கள். அதே பெயரிலும் அதே மின்னஞ்சலிலும் அடுத்து வருவது சூதாட்டமாக இருக்கும். பதிவில் உள்ள ஒரு செய்தியையாவது தொட்டுப் பேசாத பாராட்டை நான் அனுமதிப்பதே இல்லை.

தடைச்சொல் பட்டியலில் கை வைக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். அப்பட்டியல் முழுச் சொல்லை மட்டும் பார்ப்பதில்லை. வேறு சொல்லுக்குள் அந்த எழுத்துகள் இருந்தாலும் பிடித்துவிடும். தமிழில் இது வேறொரு வேடிக்கையாகவும் மாறும். ‘கடன்’ என்று இட்டால் ‘கடன்காரர்’ சிக்குவார், ‘கடனை’ தப்பிவிடும். ஏனெனில் யூனிகோடில் புள்ளி தனிக் குறியீடு, வேற்றுமை உருபு ஏறியதும் அது மறைந்துவிடுகிறது. புள்ளியை நீக்கி ‘கடன’ என்று இட்டால் ‘கடன்’, ‘கடனை’, ‘கடனாளி’ என அனைத்தும் அகப்படும். ஆனால் தோட்டத்து வலைப்பூவில் அந்தச் சொல்லைத் தடுத்தால், கங்காணியிடம் கடன்பட்டுக் கப்பலேறிய தாத்தாவைப் பற்றி யாரேனும் எழுதுவதும் குப்பைத்தொட்டிக்கே போகும். ஆகவே ஐயத்துக்குரிய சொற்களை நேரே அழிக்கும் பட்டியலில் இடாமல், மட்டுறுத்தலுக்கு (நீங்கள் படித்து அனுமதிக்கும் வரை) நிறுத்தி வைக்கும் பட்டியலில் இடுங்கள்.

குப்பையை வடிகட்டும் அகிஸ்மெட் சொருகி (வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்) 2005இலிருந்து இருக்கிறது. வணிக நோக்கமில்லாத தனியார் தளங்களுக்கு இலவசமாகவே கிடைக்கும் என்பதால் உங்களுக்குப் பொருந்தும். அது குப்பை என்று ஒதுக்கியதைப் 15 நாளில் தானாகவே அழித்துவிடும். எனவே வாரம் ஒருமுறையாவது அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் பேரப்பிள்ளைகளின் பின்னூட்டம் அங்கே போய் விழக்கூடும். முன்பு ஒருமுறை வெறும் கிறுக்கலாகத் தெரிந்த ஒரு பின்னூட்டத்தை அழித்தேன்; அது பழைய திஸ்கி குறியாக்கத்தில் தட்டச்சு செய்யப்பட்ட நல்ல தமிழ் என்பது எழுதியவர் மின்னஞ்சலில் கேட்டபோதுதான் தெரிந்தது.

படத்தைப் பார்த்து எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனையை வைக்காதீர்கள். எழுபது வயதுக்காரர் கைப்பேசியில் அதனோடு மல்லுக்கட்ட மாட்டார். அதற்குப் பதிலாக, மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு மறைப்பெட்டியைப் படிவத்தில் வைக்கும் சொருகிகள் உள்ளன. நிரல் அதையும் நிரப்பிவிட்டு அகப்பட்டுக்கொள்ளும். தமிழில் ஓர் எளிய கேள்வி கேட்பதும் நன்றாக வேலை செய்கிறது.

செம்பனை (கூலிம்):

இவ்வளவு பாடு எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. நான் பின்னூட்டப் பெட்டியை மூடிவிட்டு, வாசகர்களைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்கு அழைத்துக்கொண்டேன். குப்பை அறவே நின்றுவிட்டது. பேச்சும் சுறுசுறுப்பாக நடக்கிறது. பெட்டி கட்டாயம் வேண்டுமென்றால், 14 நாள் கடந்த பதிவுகளில் அது தானாக மூடிக்கொள்ளும்படி செய்யலாம். வேர்ட்பிரஸில் அந்த வசதி உண்டு.

பழைய பதிவர் (தைப்பிங்):

செய்தித் தளத்துக்கு அது சரியான வழி. நினைவுகளைச் சேர்க்கும் தளத்துக்குப் பொருந்தாது. தம் அப்பா வேலை செய்த தோட்டத்தின் பெயரை ஒருவர் எப்போதோ ஒரு நாள் இரவில் தேடிப்பார்த்து, நான்கு ஆண்டு பழைய பதிவில் வந்து நிற்பார். அங்கே கதவு சாத்தியிருந்தால் அவர் திரும்பிப் போய்விடுவார். புலனத்தில் பேசியதோ அடுத்த வாரமே காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும், தேடுபொறிக்கும் எட்டாது. தாக்குதல் மிகுந்த ஓரிரு பதிவுகளை மட்டும் சில வாரங்கள் மூடி வையுங்கள். பிற தளம் நம் பதிவுக்கு இணைப்புத் தந்தால் அறிவிக்கும் டிராக்பேக், பிங்பேக் இரண்டையும் மட்டும் முழுமையாக அணைத்துவிடலாம். அவற்றால் இன்று நன்மையைவிடக் குப்பையே அதிகம்.

வழக்குக்கட்டு (ஈப்போ):

குப்பையைப் பற்றியே பேசுகிறீர்கள். உண்மையான வாசகர் எழுதுவதாலும் இடர் உண்டு. நம் நாட்டில் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவின்படி, தளத்தை நடத்துபவரே அதில் வருவதை வெளியிட்டவர் என்று ஊகிக்கப்படுவார். அப்படியில்லை என்று நிறுவும் பொறுப்பு அவரையே சாரும். 2021 பிப்ரவரி 19 அன்று, வாசகர்கள் இட்ட ஐந்து கருத்துகளுக்காக மலேசியாகினி என்ற இணையச் செய்தி நிறுவனம் நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் புரிந்தது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்து, 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. காவல்துறை தெரிவித்தவுடன் அக்கருத்துகளை அந்நிறுவனம் நீக்கியிருந்தும் தீர்ப்பு அவ்வாறே அமைந்தது. ஏழு நீதிபதிகளுள் நளினி பத்மநாதன் ஒருவரே மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார்.

எனவே சிறு தளமாக இருந்தாலும், எல்லாப் பின்னூட்டங்களையும் நீங்கள் படித்த பிறகே வெளியிடுவதுதான் பாதுகாப்பு. தோட்டக் கதைகளில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ‘இன்ன கிராணி (எழுத்தர்) எங்கள் சம்பளத்தைத் தின்றார்’ என்று பெயரோடு வரும் குற்றச்சாட்டு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை நிறுவ உங்களிடம் எந்தத் தாளும் இருக்காது. எழுதியவரிடம் மின்னஞ்சலில் பேசி, பெயரை மட்டும் எடுத்துவிட்டு வெளியிட ஒப்புதல் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் நீங்களாகத் திருத்தக் கூடாது.

அஞ்சலகச் சாலை (பினாங்கு):

மாநாட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. வேர்ட்பிரஸ் பயன்படுத்துவோரின் மாநாடான வேர்ட்கேம்ப் ஏஷியா 2023இல் பாங்காக்கிலும், 2024இல் தைப்பேயிலும், 2025இல் மணிலாவிலும் நடந்தது. நுழைவுச்சீட்டு விலை அதிகமில்லை. விமானமும் விடுதியும்தான் கையைக் கடிக்கும். வேர்ட்கேம்ப் உரைகளை வேர்ட்பிரஸ்.டிவி தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம் என்பதால், குப்பையைத் தடுக்கும் வித்தையைக் கற்க மட்டும் போவது வீண் செலவு.

உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தின் தமிழ் இணைய மாநாடு வேறு வகையானது. அது கோலாலம்பூரில் 2001இலும் 2013இலும் நடந்திருக்கிறது. தமிழ்க் குறியாக்கம், எழுத்துரு, தேடல் ஆகியவற்றில் உழைப்பவர்களை நேரில் பார்க்கும் வாய்ப்பு அது. மீண்டும் இங்கே நடந்தால், கேட்பவராக மட்டும் போகாமல், உங்கள் பின்னூட்டங்களிலிருந்து தோட்டத்துச் சொற்களைத் தொகுத்து ஒரு கட்டுரையாகவே எடுத்துச் செல்லுங்கள். அவையில் வாசித்து முடித்தால், தேநீர் இடைவேளையில் உங்களோடு பேச ஆட்கள் தாமாகவே வருவார்கள். நான் முதல்முறை வெறுங்கையோடு போய்ச் சுவரோரமாக நின்றுவிட்டு வந்தவன்.

லயத்துக்காரன் (சுங்கை சிப்புட்):

அனைவருக்கும் நன்றி. பெட்டியை மூடவில்லை. அகிஸ்மெட்டையும் மறைப்பெட்டியையும் நிறுவி, எல்லாவற்றையும் மட்டுறுத்தலுக்கு மாற்றிவிட்டேன். சென்ற வாரம் என் பார்வைக்கு வந்த குப்பை பதினொன்று மட்டுமே. கிராணியின் பெயர் உள்ள பழைய பின்னூட்டங்கள் இரண்டை இப்போதைக்கு மறைத்து வைத்து, எழுதியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். வேர்ட்கேம்புக்குச் செல்லும் எண்ணத்தை விட்டுவிட்டேன். சொற்களைத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன்.

தமிழில் கேள்வி வைத்ததில் மட்டும் ஒரு சங்கடம் நேர்ந்தது. ‘பால்மரம் வெட்டுவது எந்த வேளையில்?’ என்று கேட்டு, ‘காலை’ என்ற விடையை மட்டும் நிரலில் வைத்திருந்தேன். வெயில் ஏறினால் பால் சரியாக வடியாது என்பதைத் தோட்டத்தில் பிறந்த எவரும் அறிவார்களே என்று எண்ணினேன். அறிந்துதான் இருந்தார்கள்; ஒருவர் ‘விடியற்காலை’ என்றும், இன்னொருவர் ‘பெரட்டு முடிந்ததும்’ என்றும், என் சொந்தப் பெரியம்மா ‘இருட்டோடு’ என்றும் எழுதி, மூவரையும் நிரல் வெளியே தள்ளிவிட்டது. இப்போது மூன்றையும் நான்கையும் கூட்டச் சொல்லியிருக்கிறேன்.