பாப்பாவின் காரிடாரும் பெரியப்பாவின் வராந்தாவும்

நான்: கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்து ரூம் சாவியும் வாங்கிவிட்டேன். மூன்று படம் போட்டிருக்கிறேன். முதலாவது வாசல் கோபுரம், அடுத்தது ரூம், மூன்றாவது ரூமுக்கு வெளியே உள்ள காரிடார். அதைப் பெரிதாக்கிப் பாருங்கள், மறு கோடி தெரியாது. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்ததில் கை விட்டுப்போனது.

அத்தை: முழுக்கச் சிவப்புச் செங்கலா? எனக்கு மஞ்சக்குப்பம் பழைய கலெக்டர் ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது

அம்மா: சாப்பிட்டாயா

பெரியப்பா: கேம்பிரிட்ஜ் என்றால் கல் கோபுரமும் ஆறும் படகும்தானே காட்டுவார்கள்? இது வேறு ஏதோ ஊர் மாதிரி இருக்கிறதே பாப்பா.

நான்: கிட்டத்தட்ட வேறு ஊர்தான் பெரியப்பா. அந்தக் கல் கட்டடமெல்லாம் டவுனுக்குள்ளே, கிங்ஸ், டிரினிட்டி எல்லாம் அங்கே. எங்கள் கர்ட்டன் காலேஜ் சுமார் 4 கிலோமீட்டர் வெளியே. 1869-இல் எமிலி டேவிஸ் என்ற அம்மாள் பெண்களுக்காகத் தொடங்கியது, அதுவும் கேம்பிரிட்ஜில்கூட இல்லை, ஹிட்சின் என்று தூரத்தில் ஓர் ஊரில் வாடகை வீடு, மொத்தமே 5 மாணவிகள். 1873-இல்தான் இந்தக் கட்டடத்துக்கு வந்தார்கள். டவுனுக்குள் ஆண் பிள்ளைகள் நடமாட்டம், அதனால் தள்ளியே இருக்கட்டும் என்று முடிவாம்.

சித்தி: அப்போதே ஆரம்பித்துவிட்டார்களா 😀

அண்ணன்: பாப்பா, அந்தக் காரிடார் படத்துக்குத்தான் நான் காத்திருந்தேன். டவுனில் இருக்கும் பழைய காலேஜ்களில் காரிடாரே கிடையாது தெரியுமா? நடுவில் சதுரமாக முற்றம், முற்றத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன வாசல், ஒவ்வொரு வாசலுக்குள்ளும் ஒரு படிக்கட்டு, ஒவ்வொரு தளத்திலும் படிக்கு இந்தப் பக்கம் ஒரு ரூம் அந்தப் பக்கம் ஒரு ரூம், அவ்வளவுதான். பக்கத்துப் படிக்கட்டில் இருப்பவனைப் பார்க்க வேண்டும் என்றால் கீழே இறங்கி, முற்றத்துக்கு வந்து, மறுபடி ஏற வேண்டும், மழையானாலும். நம்ம ராமானுஜன் 1914-இல் டிரினிட்டிக்குப் போனபோது தங்கிய ஹூவெல்ஸ் கோர்ட்டும் படிக்கட்டுக் கணக்குதான். தனியாகச் சமைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டு இருந்தார் என்றால், அந்தக் கட்டட அமைப்புக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அத்தை: பாவம் அந்தப் பிள்ளை குளிரில் ரொம்பக் கஷ்டப்பட்டது

பெரியப்பா: சரி, அப்போது இவர்களுக்கு மட்டும் ஏன் காரிடார்?

அண்ணன்: கட்டியவர் ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ், அந்தக் காலத்துப் பெரிய ஆர்க்கிடெக்ட். அவருக்குப் பிறகு மகன், அப்புறம் பேரன் என்று மூன்று தலைமுறை அதே காலேஜுக்கு வரைந்தார்கள். அதனால்தான் அறுபது வருடம் கழித்துச் சேர்த்த பகுதியும் ஒட்டுப்போட்ட மாதிரித் தெரிவதில்லை. காரிடாருக்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், பெண்களை மேற்பார்வை பார்க்க வசதி. ஒரு முனையில் ஒருவர் நின்றால் யார் எந்த ரூமுக்குப் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று எல்லாம் தெரியும். படிக்கட்டு என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் நிறுத்த வேண்டும்.

சித்தி: நான் சொல்லவில்லையா! நான் இருந்த லேடீஸ் ஹாஸ்டலும் அதே வரைபடம்தான். காரிடார் முனையில் வார்டன் ரூம். ஆறரைக்கு கேட் பூட்டு, ஏழு மணிக்கு அட்டெண்டன்ஸ், ஒன்பது மணிக்கு மேல் எந்தக் கதவாவது கிரீச் என்றால் அந்தம்மா தலை வெளியே நீளும். நாங்கள் என்ன செய்தோம் என்றால் மெஸ்ஸில் இருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து எல்லாக் கீலுக்கும் விட்டோம். காரிடார் கட்டுவது யாருக்காக என்று என்னிடம் கேளுங்கள்.

அம்மா: இதையெல்லாம் என்னிடம் நீ சொன்னதே இல்லை

சித்தி: சொன்னால் விட்டிருப்பாயா அக்கா

பெரியப்பா: எல்லா வராந்தாவையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. அண்ணாமலையில் எங்கள் ஹாஸ்டலிலும் ரூமுக்கு முன்னால் வராந்தாதான். பரீட்சை நேரத்தில் பாதிப் பேர் அங்கேதான் பாய் போட்டுப் படிப்போம், உள்ளே புழுக்கம் தாங்காது. எனக்கு மெக்கானிக்ஸ் புரிந்ததே அந்தத் தரையில் எதிர் ரூம்காரன் சாக்பீஸால் வரைந்து காட்டியபோதுதான், மறுநாள் கூட்டுகிற அம்மா எங்களைத் திட்டியது தனிக்கதை. 1920-இல் ஸ்ரீ மீனாட்சி கல்லூரி என்று தொடங்கி 1929-இல் பல்கலைக்கழகம் ஆன இடம், ஆரம்பத்திலிருந்தே தங்கிப் படிக்கிற யூனிவர்சிட்டி என்றுதான் பெயர். எங்கள் இன்ஜினியரிங் 1945-இல் வந்தது. 2013-இல் அரசு எடுத்துக்கொண்டது. பெயரும் நிர்வாகமும் எத்தனை மாறினாலும் பையன்கள் வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்பார்கள், வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

அத்தை: அண்ணா, அந்தத் திருவேட்களம் கோயில் இருக்கும் இடம்தானே? தில்லையில் படுத்துறங்க மனம் ஒப்பாமல் சம்பந்தர் அங்கே தங்கி தினமும் நடராஜரைப் போய்க் கும்பிட்டு வந்தார் என்பார்களே

பெரியப்பா: ஆமாம். ஊரிலேயே முதல் ஹாஸ்டல் மாணவர் அவர்தான் 🙏

சித்தி: அவருக்கு யாரும் அட்டெண்டன்ஸ் எடுக்கவில்லை மாமா, அதைக் கவனியுங்கள்

அண்ணன்: 😂 சித்தி, புதுச்சேரிக்கு வந்தால் கோல்கொண்ட் காட்டுகிறேன், ஆசிரமத்துக்காரர்கள் தங்கும் கட்டடம், முன்னாலேயே அனுமதி கேட்க வேண்டும். ஆன்டனின் ரேமண்ட் வரைந்தது, 1930-களின் கடைசியில் வேலை ஆரம்பம். வடக்குப் பக்கம் முழுக்கக் காரிடார், தெற்கே ரூம்கள். வெளிச்சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சிமென்ட் பலகைகள்தான், திருப்பித் திருப்பி மூடலாம் திறக்கலாம். ரூமுக்கும் காரிடாருக்கும் நடுவே தேக்குச் சட்டம் போட்ட தள்ளுகதவு, இடைவெளி வழியே காற்று போகும், ஆனால் உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் உட்காரலாம். அதுவும் காரிடார்தான், ஆனால் அதைக் காற்றுக்காகப் போட்டிருக்கிறார்கள்.

சித்தி: அது சரி. ஆனால் பெண்களுக்குக் கட்டும்போது மட்டும் காற்று யாருக்கும் ஞாபகம் வராது.

நான்: சித்தி சொல்வதில் பாதி சரி. இங்கே பழைய மாணவிகளுக்கு ஆளுக்கு இரண்டு ரூம் கொடுத்திருக்கிறார்கள், படுக்க ஒன்று, உட்கார்ந்து படிக்க ஒன்று. வீட்டில் அண்ணன் தம்பிக்குத்தான் தனி ரூம் என்றிருந்த காலத்தில் ஒரு பெண்ணுக்குத் தன் கதவைச் சாத்திக்கொள்ள இடம் கிடைத்ததே பெரிய விஷயம். ஆனால் பட்டம் மட்டும் கொடுக்கவில்லை. 1897-இல் அதற்கு ஓட்டெடுப்பு வைத்தபோது சைக்கிள் ஓட்டும் பெண் பொம்மை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுக் கலாட்டா செய்து தோற்கடித்தார்கள். முழுப் பட்டம் 1948-இல்தான், நமக்குச் சுதந்திரம் கிடைத்ததற்கும் அப்புறம். 1979-இல் ஆண் பிள்ளைகளையும் சேர்த்தாயிற்று. இப்போது என் பக்கத்து ரூமில் ஒரு பையன்தான்.

அம்மா: என்னது

நான்: நல்ல பையன்மா, கதவைச் சாத்திக்கொண்டு வயலின் வாசிக்கிறான். நேற்று ராத்திரி அந்தக் காரிடாரில் தரையில் உட்கார்ந்து ஆறு பேர் பேசிக்கொண்டிருந்தோம், எல்லாரும் அன்றைக்குத்தான் பார்த்த ஆட்கள். படிக்கட்டு காலேஜில் இருக்கும் என் கிளாஸ்மேட்டுக்கு இன்னும் எதிர் ரூம்காரரைத் தவிர யாரையும் தெரியாதாம். பெரியப்பா கட்சிக்கு ஒரு ஓட்டு.

அத்தை: நீச்சல்குளம் இருக்கிறது என்றாயே அது எந்தக் காலத்தது

நான்: 1900 அத்தை, கட்டடத்துக்கு உள்ளேயே.

அத்தை: அந்தக் காலத்துப் பாவாடையோடா

அம்மா: சமையலுக்கு என்ன வழி, அதைச் சொல்லு முதலில்

நான்: காரிடாருக்கு ஒரு பொதுச் சமையலறை, ஜிப் ரூம் என்கிறார்கள். இன்று காலை ரசத்துக்குத் தாளித்தேன். கடுகு வெடித்தது, மிளகாய் போட்டேன், உடனே ஃபயர் அலாரம் அடித்து மொத்தப் பேரும் நைட்டியோடும் போர்வையோடும் வெளியே புல்தரையில் நின்றோம். ஒரு சீனியர் சொன்னாள், 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கே மாணவிகளே ஒரு தீயணைப்புப் படை வைத்திருந்தார்களாம், லண்டன் தீயணைப்புத் தலைவர் கேப்டன் ஷாவே பயிற்சிக்கு உதவினாராம்.

அண்ணன்: காரிடார் கட்டடத்தில் புகை ஒரே இழுப்பில் அந்தக் கோடிவரை போகும், அதுதான் இதில் ஒரு வில்லங்கம். ஜன்னலைத் திறந்து வை, ஜிப் ரூம் கதவைச் சாத்திவிட்டுத் தாளி.

அம்மா: தாளிக்கவே வேண்டாம். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் பார்சல் போடுகிறேன், பின்கோடு அனுப்பு.