பெர்னி சாண்டர்ஸின் தேர்தல் நிதிக் கணக்கைப் படிக்க உதவி வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநில செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் பற்றிப் பேசப் போகிறேன். 1941இல் புரூக்ளினில் பிறந்தவர்; அப்பா போலந்திலிருந்து வந்து பெயிண்ட் விற்பனையாளராக இருந்தவர். 1981இல் பர்லிங்டன் மேயர் தேர்தலில் ஜெயித்தது வெறும் 10 ஓட்டில்! 2007 முதல் செனட்டில் இருக்கிறார். எல்லோருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தரும் மசோதாவை விடாமல் கொண்டுவருகிறார். அப்புறம் குறைந்தபட்சக் கூலி, மருந்து விலை. இதுவரை சரி.

நிதிக் கணக்கில்தான் திணறுகிறேன். 2016 அதிபர் தேர்தல் பிரசாரத்தில் சராசரி நன்கொடை 27 டாலர் என்று மேடைக்கு மேடை சொன்னார். ஒருவர் கொடுத்தது மொத்தம் 200 டாலரைத் தாண்டினால்தான் அவர் பெயரையும் வேலை பார்க்கும் இடத்தையும் வேட்பாளர் தனியாகக் காட்ட வேண்டும். மற்றதெல்லாம் ஒரே தொகையாகப் போய்விடுகிறது. ஆனால் ஆக்ட்புளூ (இணையத்தில் நன்கொடை வாங்கி வேட்பாளர்களுக்கு அனுப்பும் அமைப்பு) வழியாக வந்த சின்னத் தொகைகள் அந்த அமைப்பின் அறிக்கையில் பெயரோடு இருக்கின்றன. ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணிவிடாமல் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

இன்னொன்று. நிறுவனங்கள் வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் தர அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஊழியர் கொடுத்ததை நிறுவனமே கொடுத்ததாகப் பலர் பகிர்கிறார்கள், பார்க்க வருத்தமாக இருக்கிறது. இதை எளிமையாக விளக்க நல்ல உதாரணம் இருந்தால் சொல்லுங்கள். தேர்தல் ஆணையத்தின் கோப்புகளைக் கையாண்டவர்கள் இருந்தால் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.